டப்பாவில் எழுதிய அளவும் எஞ்சினின் அளவும்



பி பிளாக் கீழ்த்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில், சாம்பல் நிற உறை போர்த்திய ஒரு கார் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ல் என் அப்பா வாங்கியது. போன வருடப் பொதுக்குழுவில், ஆறு மாதத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் வண்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எல்லோர் பார்வையும் என் பக்கம் திரும்பியது. அதில் நியாயமும் இருந்தது. புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் வண்டி நிறுத்த இடமில்லாமல் தெருவில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த பொதுக்குழுவுக்குள் வண்டி தானாக ஓடி வெளியே வரும், இல்லையென்றால் நானே எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். செயலாளர் சார் அதை ஏற்றுக்கொண்டு, "அப்படியே நம்ம இதழுக்கு ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுத்துடுங்க" என்று சேர்த்துக் கேட்டார். இதுதான் அந்தக் கட்டுரை.

வண்டி ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்து, பழைய பிஸ்டன்களை அப்படியே வைத்துக்கொண்டு, புது ரிங்கும் புது பேரிங்கும் போட்டார்கள். ரிங் டப்பாவில் எங்கள் எஞ்சினுக்கு உரிய எண் சரியாக அச்சிட்டிருந்தது. நானே படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 40 கிலோமீட்டர் ஓடியிருக்கும். முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் எஞ்சின் கிறீச்சிட்டு, பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இழுவை வண்டியில் வீடு திரும்பினேன்.

புது உதிரிபாகம், சரியான எண், முத்திரை பிரிக்காத டப்பா. அப்புறம் ஏன் பொருந்தவில்லை? நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஞ்சின் படித்தவன் அல்ல. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடப்போய்தான், ஓர் உதிரிபாகம் இன்னொரு இயந்திரத்தில் பொருந்துவது என்பதே மனிதர்கள் நூறு வருடத்துக்கு மேல் பாடுபட்டுச் சாதித்த விஷயம் என்று தெரிந்துகொண்டேன்.

அரத்தால் பொருத்திய காலம்

1894-ல் எவலின் எல்லிஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் கார் வாங்க பாரிஸ் போனார். அப்போது உலகின் முன்னணிக் கார் நிறுவனங்களில் ஒன்று அங்கிருந்த பனார் எ லெவாசோர். அவர்களிடம் இன்று நாம் பார்ப்பது போன்ற ஷோரூம் கிடையாது. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு, அவருக்கென்று ஒரு கார் செய்து கொடுப்பார்கள். எஞ்சினின் பாகங்கள் ஊரில் பல சின்னப் பட்டறைகளிலிருந்து வரும். ஒவ்வொரு பட்டறையிலும் அளவுகோல் கொஞ்சம் வேறாக இருக்கும். போதாக்குறைக்கு, இரும்பைக் கெட்டிப்படுத்த உலையில் வைத்து எடுக்கும்போது பாகங்கள் லேசாக முறுக்கிக்கொள்ளும்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கைதேர்ந்த தொழிலாளி அரத்தை எடுப்பார். முதல் இரண்டு பாகங்களை ஒன்றோடொன்று பொருந்தும் வரை ராவுவார். பிறகு மூன்றாவதை அந்த இரண்டுக்கும் ஏற்றபடி ராவுவார். இப்படியே கடைசி பாகம் வரை. ஒவ்வொன்றிலும் ஒரு முடியளவு மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். ஒரே வரைபடத்தை வைத்துச் செய்த இரண்டு கார்களும் கடைசியில் அளவில் வேறு வேறாகவே இருக்கும். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட முடியாது.

இப்படி ராவிப் பொருத்துகிறவருக்குத்தான் ஃபிட்டர் என்று பெயர். இன்றும் நம் ஐ.டி.ஐ.-களில் ஃபிட்டர் என்ற பிரிவு உண்டு. அதில் சேரும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வதும் இரும்புத் துண்டை அரத்தால் ராவுவதுதான்.

துப்பாக்கியிலிருந்து காருக்கு

பாகங்களை ஒரே அளவில் செய்தால் எதை எதில் வேண்டுமானாலும் போடலாமே என்ற யோசனை முதலில் வந்தது கார்க்காரர்களுக்கு அல்ல, ராணுவத்துக்கு. போர்க்களத்தில் உடைந்த துப்பாக்கியைச் சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் ஒரு கொல்லரைத் தேட முடியாது. பிரான்சில் ஒனொரே பிளாங் என்ற துப்பாக்கித் தொழில்நுட்பர் இதைச் செய்துகாட்டினார். 1785-ல் அமெரிக்கத் தூதராக பாரிசில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். துப்பாக்கியை வெடிக்கவைக்கும் விசைப் பகுதியை ஆங்கிலத்தில் பூட்டு என்றே சொல்வார்கள். அப்படி 50 பூட்டுகளைப் பிரித்து, துண்டு துண்டாகப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். கைக்கு வந்ததை எடுத்து ஜெஃபர்சனே சில பூட்டுகளைக் கோத்துப் பார்த்தார். எல்லாம் சேர்ந்தன. அதை வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அமெரிக்க அரசு ஆயுதச் சாலைகள் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டன. ஆனால் சொன்னதைச் செய்வது சுலபமாக இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேஜ் வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியும் தன் கண்ணை நம்பாமல் அந்த கேஜை நம்ப வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் உள்நாட்டுப் போரின்போது வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் ஹென்றி லேலண்ட். 1843-ல் பிறந்தவர். அங்கே கேஜ் பிடித்து அளக்கப் பழகியவர், பிறகு அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்தார். 1890-ல் டெட்ராய்ட் வந்து சொந்தப் பட்டறை தொடங்கினார். அங்கே ஓல்ட்ஸ் நிறுவனத்துக்காக எஞ்சின் செய்து கொடுத்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வடிவமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் லேலண்ட் பட்டறையில் செய்த எஞ்சின் மற்றதைவிடக் கூடுதல் குதிரைத்திறன் கொடுத்தது. பாகங்களின் இடைவெளி சரியாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மூன்று கார்களை ஒரே குவியலாக்கிய பரிசோதனை

லேலண்ட் பிறகு கேடிலாக் நிறுவனத்தை நடத்தினார். அந்த நாளில் இங்கிலாந்தில் அமெரிக்கக் கார் என்றால் இளக்காரம். விலை மலிவு, தரம் குறைவு என்ற எண்ணம். லண்டனில் கேடிலாக் விற்ற ஃபிரெடரிக் பென்னட் இதை மாற்ற நினைத்தார். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பிடம் போய், எங்கள் கார்களை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றார்.

1908 பிப்ரவரி கடைசியில் சோதனை தொடங்கியது. கிடங்கில் இருந்த 8 கார்களிலிருந்து கிளப்காரர்கள் தங்கள் விருப்பப்படி 3 கார்களைத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டனுக்கு வெளியே உள்ள புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலுக்கு அவற்றை ஓட்டிப் போனார்கள். அங்கே மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். மூன்று கார்களின் பாகங்களையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்கள். அதோடு விடாமல், 89 பாகங்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து புது உதிரிபாகங்களைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அந்தக் குவியலிலிருந்து மெக்கானிக்குகள் மூன்று கார்களைத் திரும்பக் கோத்தார்கள். கையில் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும்தான். அரத்துக்கு அனுமதி இல்லை. ஒரே காரில் ஒரு பாகம் ஒரு நிறம், இன்னொரு பாகம் வேறு நிறம் என்று பார்க்கக் கோமாளி வேஷம் போட்ட மாதிரி இருந்தன. ஆனால் மூன்றும் கிளம்பின. திடலில் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர், ஓட்டிப் பார்த்தார்கள். மார்ச் 13-ம் தேதி மூன்றும் ஓட்டத்தை முடித்தன. அந்த ஆண்டுக்கான டியூவர் கோப்பையை கிளப் கேடிலாக்குக்குக் கொடுத்தது.

கடையில் உதிரிபாகம் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு ஊரறியக் கிடைத்த பெரிய சான்று அதுதான். இன்று ஜி.பி. ரோட்டில் நாம் ஒரு எண்ணைச் சொல்லி டப்பாவை வாங்கி வருவதும் அந்த நம்பிக்கையில்தான்.

தையல் மெஷினில் பிறந்த அளவு

இதற்கு இன்னொரு கை தேவைப்பட்டது. ஒரு தொழிற்சாலையின் அங்குலமும் இன்னொன்றின் அங்குலமும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? அதைத் தீர்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். எஸ்கில்ஸ்டூனா ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆயுதப் பரிசோதகராக இருந்தார். ஜெர்மனியில் மவுசர் தொழிற்சாலையைப் பார்த்தார். அங்கே துப்பாக்கியின் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக அளவுக் கட்டைகள் அடுக்கியிருந்தன. ரயிலில் ஊர் திரும்பும்போது, குறைந்த கட்டைகளை வைத்துக்கொண்டு, வேண்டியதை அடுக்கி எந்த அளவையும் கொண்டுவரலாமே என்று யோசித்தார்.

102 கட்டைகள் போதும் என்று கணக்குப் போட்டார். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து 20,000 வெவ்வேறு அளவுகளை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில், உண்டாக்க முடியும். மனைவியின் தையல் மெஷினைச் சாணை மெஷினாக மாற்றி வீட்டிலேயே அவற்றை இழைத்தார். கட்டைகளின் முகம் அவ்வளவு வழவழப்பு. இரண்டை ஒன்றோடொன்று அழுத்தி நழுவவிட்டால் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் என்று சொல்வது இவற்றைத்தான். அமெரிக்காவில் இவற்றை முதலில் வாங்கியவர்களில் லேலண்டின் கேடிலாக்கும் உண்டு. 1923-ல் யோஹான்சன் ஹென்றி ஃபோர்டிடமே வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டு சுற்று போய் நிற்கும் போல்ட்

அளவு ஒன்றானாலும் மரை ஒன்றாக நாள் ஆனது. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசஃப் விட்வர்த், எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே மாதிரி மரை வெட்ட வேண்டும் என்று ஒரு முறை வகுத்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் வேறு முறை சொன்னார். கோணம் 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாட்டுத் தளவாடங்களும் ஒரே களத்துக்கு வந்தபோது, ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறவில்லை. அந்த அவதியின் பலனாக 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வரலாறு மட்டுமல்ல, கைவலி. 5/16 அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் நுண்மரையில் அங்குலத்துக்கு 22 சுற்று. புதிய பொது நுண்மரையில் 24 சுற்று. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விரலால் இரண்டு சுற்று ஏறும், பிறகு நிற்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும். மோரிஸ் கார்களில் இதைவிட விநோதம். 1923-ல் மோரிஸ் நிறுவனம் கவன்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த மெஷின்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. அதை மாற்றாமல், போல்ட்டின் தலையை மட்டும் விட்வர்த் ஸ்பேனருக்கு ஏற்றபடி செய்தார்கள். ஸ்பேனர் சரியாகப் பிடிக்கிறதே என்று நம்பி வேறு போல்ட்டைப் போட்டவர்கள் பலர்.

மெட்ராஸுக்கு வந்த ஹெரால்டு

இனி நம் ஊர்க் கதை. 1948-ல், கவன்ட்ரியின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. வண்டலூரை ஒட்டி, பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. வேன்கார்டு, எயிட், டென் என்று பல கார்கள் அங்கிருந்து வந்தன. 1961 முதல் ஹெரால்டு. இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி வரைந்த உருவம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, முதலை வாய் திறப்பது போல முன்னோக்கித் திறந்துகொள்ளும். எஞ்சின் முழுவதும் கண்முன் தெரியும். நான்கு சிலிண்டர், 948 சி.சி.; சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 76 மில்லிமீட்டர்.

கவன்ட்ரியில் வரைந்த எஞ்சினை மெட்ராஸில் செய்ய முடிந்தது என்றால், இங்கே கேஜ் பிடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகியிருந்தது என்று பொருள். செம்பியத்தில் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியதும் அதே காலம். இறக்குமதி கட்டுப்பாடு இருந்த நாட்கள் அவை. வெளிநாட்டு உதிரிபாகம் எளிதில் வராது. அதனால் எஞ்சின் தேய்ந்தால் தூக்கி எறிய மாட்டார்கள். லேத் பட்டறையில் கொடுத்துத் திரும்பவும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். 1988-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் பிறகு என்னைப் போன்றவர்களுக்கு, ஜி.பி. ரோட்டுக் கடைகளில் மிஞ்சிய பழைய சரக்கும், புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளும்தான் கதி.

எங்கள் எஞ்சினில் நடந்தது

எஞ்சினை மறுபடி பிரித்துக்கொண்டு, இந்தத் தடவை ஒரு வயதான லேத் பட்டறைக்காரரிடம் போனேன். ரிங் டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், டப்பாவுல எழுதியிருக்கிறது ரிங்கோட அளவு. உங்க எஞ்சினோட அளவு உங்க எஞ்சினுக்குள்ளதான் இருக்கு. அளந்தீங்களா?"

"பில்லில் 30 தௌ ஓவர்சைஸ் என்று போட்டிருக்கிறதே, ஐயா" என்றேன்.

"அது பில்லு. நான் கேட்டது சிலிண்டரை."

தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மெட்ரிக்கில் 0.0254 மில்லிமீட்டர். நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். 10, 20, 30, 40 தௌ என்று படிப்படியாகப் போகலாம். எங்கள் எஞ்சின் அப்பா காலத்திலேயே 30 தௌ வரை போயிருந்தது.

பெரியவர், அடிபடாத முதல் சிலிண்டரில் அளந்தார். ரிங் அதிகம் உரசாத அடிப்பகுதியில் அளவு 30 தௌ இல்லை, 28 தௌதான் இருந்தது. அப்பா காலத்தில் கடைந்தவர் தவறு செய்யவில்லை. அன்று கையிலிருந்த பிஸ்டன் சற்றுச் சிறியது. அதற்கேற்ற இடைவெளி விட்டு 28-ல் நிறுத்தியிருக்கிறார். பிஸ்டனை அளந்து சிலிண்டரைக் கடைவதுதான் முறை. பிஸ்டனும் சிலிண்டரும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடின.

பில்லை எழுதியவர் மட்டும், பேச்சுவழக்கில் சொல்கிற 30-ஐ எழுதிவிட்டார். அந்தப் பில்லைப் பார்த்து நாங்கள் 30-க்கு உரிய ரிங் வாங்கினோம். இரண்டு தௌதானே என்று தோன்றும். ஆனால் ரிங் ஒரு வட்டம். அதன் இரண்டு நுனிகளுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளிதான் இடம் கொடுக்கிறது. ஒரு அங்குல விட்டத்துக்கு 3 முதல் 4 தௌ என்பது பொதுவான கணக்கு. எங்கள் சிலிண்டருக்கு 8 முதல் 10 தௌ வேண்டும். விட்டத்தில் 2 தௌ குறைந்தால் சுற்றளவில் எவ்வளவு குறையும்? பள்ளியில் படித்த அதே பை. 2-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 6 தௌவுக்கு மேல். அத்தனையும் அந்த இடைவெளியிலிருந்துதான் போகும். மிஞ்சிய ஒரு ரிங்கை வைத்து அளந்தபோது 3 தௌதான் இருந்தது.

சாலையில் எஞ்சின் சூடேறியதும் ரிங் நீண்டது. நுனிகள் முட்டிக்கொண்டன. மேற்கொண்டு நீள இடமில்லாமல் சிலிண்டர் சுவரை அழுத்திக் கீறியது. மூன்றாவது சிலிண்டரில் ரிங் உடைந்து பள்ளமே விழுந்துவிட்டது. 40 தௌவுக்குக் கடைந்தாலும் அந்தப் பள்ளம் போகாது. இனி பிளாக் அவ்வளவுதானோ என்று நினைத்தேன். அதற்கு மாற்று பிளாக் புதுப்பேட்டையில் நான்கு மாதம் தேடியும் கிடைக்கவில்லை.

பெரியவர்தான் ஸ்லீவ் போடலாம் என்றார். சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடைந்து, உள்ளே மெல்லிய இரும்புக் குழாயை இறக்கி, அதைத் திரும்ப 63 மில்லிமீட்டருக்குக் கடைவது. நான்கு சிலிண்டருக்கும் அப்படிச் செய்தார். எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அளவுக்குத் திரும்பியது.

இரண்டாம் தடவை செய்தவை

இந்தத் தடவை எந்த டப்பாவையும் அப்படியே நம்பவில்லை. புது பிஸ்டன்களை முதலில் வாங்கி, அவற்றை மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே சிலிண்டரைக் கடைந்து முடித்தார். ஒவ்வொரு ரிங்கையும் அது ஓடப்போகும் சிலிண்டரில் தனியாக விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து மேலிருந்து தள்ளி நேராக உட்காரவைத்து, நுனி இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். எல்லாம் 9, 10 தௌ. ஒன்று மட்டும் 5. அந்த ஒன்றின் நுனியை மெல்லிய அரத்தால் ராவி 9-க்குக் கொண்டுவந்தார். புரூக்லேண்ட்ஸில் தடைசெய்த அரம் கடைசியில் எங்களுக்குத் தேவைப்பட்டது.

பேரிங்குக்கு வேறு வழி. கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சிறிதாக்கியிருந்தால், பேரிங் அந்த அளவு தடிமனாக இருக்க வேண்டும். பேரிங்கின் முதுகில் 010, 020 என்று குத்தியிருப்பது அதைத்தான். எண்ணைப் படித்ததோடு விடாமல், பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு போன்ற மெல்லிய நூலை ஷாஃப்ட்டின் மேல் வைத்து, மூடியைப் போட்டு உரிய அளவுக்கு இறுக்கி, சுற்றாமல் திரும்பக் கழற்றினோம். நூல் நசுங்கிப் பரவியிருந்த அகலத்தை அட்டையிலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். அதிகம் நசுங்கினால் இடைவெளி குறைவு. குறைவாக நசுங்கினால் ஆயில் அழுத்தம் நிற்காது. எல்லா பேரிங்கும் சரியாக இருந்தன.

ஹெட் கேஸ்கெட்டைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு தண்ணீர்த் துளையும் ஆயில் துளையும் நேராக வருகிறதா என்று பார்த்தோம். ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றினோம். விரலுக்கு இசையாததை ஸ்பேனருக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் ஸ்பார்க் பிளக் போடும் முன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தோம். எங்கும் முட்டவில்லை. இந்தச் சோதனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் ஆனது. ஒரு ரிங்கை அளக்க ஐந்து நிமிடம். முதல் தடவை அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தியதால் எனக்குப் பத்து மாதமும் ஒரு பெரிய தொகையும் போயின.

கேடிலாக் பரிசோதனையை நினைத்துக்கொள்கிறேன். அந்த மூன்று கார்களும் புதியவை. தொழிற்சாலை விட்ட அளவிலேயே இருந்தன. அதனால்தான் கலந்து போட்டாலும் பொருந்தின. ஓடி, தேய்ந்து, பலர் கைபட்டுக் கடைந்த எஞ்சினுக்கு அந்த வாக்குறுதி பாதிதான் செல்லும். டப்பாவின் எண் எஞ்சின் பிறந்த நாள் அளவைச் சொல்கிறது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் வாழ்ந்த வாழ்க்கையை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பராமரிப்புக் குழுவுக்கும் இதில் ஒரு சின்ன விண்ணப்பம். நம் ஏ பிளாக் பம்பும் ஜெனரேட்டரும் பலமுறை பிரித்துப் பூட்டியவை. அடுத்த தடவை பேரிங், புஷ், சீல் எது மாற்றினாலும், என்ன அளவில் கடைந்தார்கள், என்ன போட்டார்கள் என்று பதிவேட்டில் அளந்த எண்ணையே எழுதி வைப்போம். பின்னால் வரும் குழுவுக்கு உதவும். என் அப்பாவின் பில் புத்தகத்தில் 28 என்று இருந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருந்திருக்காது.

வண்டி போன மாதம் முதல் ஓடுகிறது. முதல் 800 கிலோமீட்டர் நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும் என்று பெரியவர் கட்டளை. அதனால் ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பிப் போய் வருகிறேன்; சத்தத்தால் தூக்கம் கெட்டவர்கள் மன்னிக்கவும். 7.30 மணிக்குத் திரும்பிய பிறகு அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்திருப்பேன். பிள்ளைகள் வந்து பார்க்கலாம். ஃபீலர் கேஜும் மைக்ரோமீட்டரும் கொடுக்கிறேன். ஒரு தலைமுடி எத்தனை தௌ என்று அவர்களே அளந்து பார்க்கட்டும்.